பட்டாசு நிலத்துப் பெண்களும் பத்து என்னும் எண்ணும்

சிவகாசியைச் சூழ்ந்த கரிசல் ஊர்களில் கோவில் மணியை முந்திக்கொண்டு ஆலைப் பேருந்தின் ஒலிப்பான் கேட்கும். தூக்குவாளியில் நீர்ச்சோறும், சேலைக்கு மேல் அணிந்துகொள்ள ஒரு பழைய ஆண்சட்டையுமாகப் பெண்கள் இருட்டிலேயே வந்து நிற்பர். வார நாள் காலைத் திருப்பலிக்கு இவ்வூர்ப் பெண்கள் ஏன் வருவதில்லை என்று புதிதாக மாற்றலாகி வரும் குருவானவர் ஒருமுறை கேட்பார், மறுமுறை கேட்கமாட்டார்.

2001ஆம் ஆண்டில், குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த நான், அத்தகைய ஊர் ஒன்றில் துணைப் பங்குத்தந்தையாக இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மக்கள் கலைந்த பிறகு, பட்டாசு ஆலையில் சரம் பின்னும் இளம்பெண் ஒருவர் கோவில் வாசற்படியில் என்னை நிறுத்தினார். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதன்று, வெளியில் நின்று சொன்னது. ஆதலால் எழுதுகிறேன். ஆயினும் ஊரையும் ஆலையையும் குறிப்பிடேன். அங்கே கூலி துண்டுக் கணக்கு. எத்தனை சரம் பின்னினாள் என்பதைக் கணக்கப்பிள்ளை ஏட்டில் எழுதினால்தான் காசு. தன் விருப்பத்திற்கு இணங்காத பெண்களுக்கு அந்தக் கணக்கப்பிள்ளை எண்ணிக்கையைக் குறைத்து எழுதினார். பேருந்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் அவர் கை சும்மா இருப்பதில்லை. "நான் என்ன சாமி செய்யட்டும்?" என்று அப்பெண் கேட்டார்.

குருமடத்தில் நீதியும் உரிமையும் என்னும் பாடத்தை முழுமையாகக் கற்றுத் தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் பெற்றவன் நான். "பொறுத்துக்கொள்ளம்மா, முடியாவிட்டால் வேறு ஆலைக்குப் போய்விடு" என்றேன். அவர் இரண்டையும் செய்யவில்லை. வேலையை விட்டு, வீட்டில் அமர்ந்து அதைவிடக் குறைந்த கூலிக்குத் தீப்பெட்டி ஒட்டத் தொடங்கினார்.

எனக்கு அன்று சட்டம் தெரியாது. அன்று சட்டம் இருந்ததா என்பது வேறு கேள்வி. பல ஆண்டுகளுக்குப் பிறகே அக்கேள்வியைத் தேடிப் போனேன். தேடியதில் கண்ட வரலாற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மழை பொய்க்கும் இம்மண்ணில் தொழில் வந்த கதையை நம்மவர் அனைவரும் அறிவர். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டியின் பின்னே பட்டாசும் அச்சுத் தொழிலும் வேரூன்றின. இம்மூன்றையும் வளர்த்த முதலாளிகளின் உழைப்பும் துணிவும் போற்றத்தக்கவையே. ஆயின் கட்டை அடுக்கிய விரல்களும், பெட்டி ஒட்டிய விரல்களும், திரி வைத்த விரல்களும் பெரும்பாலும் பெண்களுடையவை, சிறுமியருடையவை. அவர்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை.

இங்கே ஆலைகள் ஏன் சிறியனவாகவே இருந்தன என்பதை ஆராய்ந்தால் சட்டமும் வரியும் வந்து நிற்கின்றன. 1934இல் தீப்பெட்டிக்குக் கலால் வரி வந்தது. பின்னாளில் சிறிய, கைத்தொழில் ஆலைகளுக்கு வரி குறைவு என்ற சலுகை நிலைத்தது. பெரியதாய் வளர்வதைவிடப் பலவாய்ப் பிரிவதே இலாபம் என்றாயிற்று. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இன்னொரு கோட்டைக் கிழித்தது. மின்விசை பயன்படுத்தும் இடமாயின் 10 பேர், விசையின்றிக் கையால் செய்யும் இடமாயின் 20 பேர் இருந்தாலன்றி அது 'தொழிற்சாலை' ஆகாது. சில இடங்களையும் சேர்த்துக்கொள்ள மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு என்றாலும், பொதுவிதி அதுவே. பட்டாசுக்கு வேறொரு விதியும் உண்டு. வெடித்தால் உயிரிழப்புக் குறைவாக இருக்கவேண்டும் என்பதற்காக ஓர் அறையில் 4 பேருக்கு மேல் அமர்ந்து வேலை செய்யக்கூடாது. நல்ல விதிதான். ஆனால் அந்த நால்வரில் ஒருத்திக்கு அவமானம் நேர்ந்தால் பார்க்க இருப்பவர் மூவரே. அவர்களும் அதே கணக்கப்பிள்ளையின் ஏட்டில் இருப்பவர்கள்.

நம் அரசியல் சட்டம் 14, 15ஆம் பிரிவுகளில் சமத்துவத்தை உறுதி செய்தது. 39ஆம் பிரிவில், ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்பதை அரசு கைக்கொள்ளவேண்டிய நெறியாக வைத்தது. நெறி சட்டமாவதற்கு அனைத்துலகப் பெண்கள் ஆண்டு வரவேண்டியிருந்தது. 1975இல் அவசரச் சட்டமாகவும், 1976இல் நாடாளுமன்றச் சட்டமாகவும் சம ஊதியச் சட்டம் பிறந்தது. ஒரே வேலைக்கும் ஒத்த தன்மையுடைய வேலைக்கும் கூலியில் வேறுபாடு கூடாது. வேலைக்கு எடுப்பதிலும் பாகுபாடு கூடாது என்றது அது. 1987இல் செய்த திருத்தம், பதவி உயர்வு, பயிற்சி, இடமாற்றம் ஆகியவற்றையும் சேர்த்தது.

இச்சட்டம் சிவகாசிக்கு வந்தபோது என்னவாயிற்று? மருந்து கலப்பதும் செலுத்துவதும் ஆணின் வேலை. குழாய் உருட்டுவதும் திரி வைப்பதும் பெட்டியில் அடைப்பதும் பெண்ணின் வேலை. வேலையே பிரிந்திருக்கும்போது எதனோடு எதை ஒப்பிடுவது? மும்பையில் ஒரு கப்பல் நிறுவனமும் இதே வாதத்தைத்தான் முன்வைத்தது. பெண் சுருக்கெழுத்தாளர்களைத் தனிப் பிரிவாக வைத்து, அப்பிரிவில் ஆண்களே இல்லை, ஆதலால் பாகுபாடும் இல்லை என்றது. 1987இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வேலையின் பெயரைப் பாராது தன்மையைப் பார்க்கவேண்டும். நட்டம் என்று காரணம் காட்டியும் தப்பமுடியாது என்று தீர்ப்பளித்தது. ஆங்கிலம் அறிந்த நகரத்துப் பெண் ஒருவர் வழக்காடிப் பெற்ற அந்நீதி, கரிசல் காட்டுக்கு வந்து சேரவில்லை.

இங்கே முதலில் வந்தது குழந்தைகளுக்கான வழக்கு. 1985ஆம் ஆண்டு இறுதியில் சிவகாசி வட்டாரத்தில் 221 பதிவு பெற்ற தீப்பெட்டி ஆலைகளும் 27,338 தொழிலாளரும் இருந்தனர். அவர்களுள் 2,941 பேர் குழந்தைகள். பதிவு ஏட்டில் உள்ள கணக்கு இது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1986இல் உச்ச நீதிமன்றம் சென்றார். 1990 அக்டோபரில் வந்த முதல் உத்தரவு கட்டாயக் காப்பீட்டைத் தந்தது; ஆனால் குழந்தைகளுக்கு, அதே வேலை செய்யும் பெரியவரின் குறைந்தபட்சக் கூலியில் 60 விழுக்காடேனும் தரவேண்டும் என்றும் சொல்லிற்று. நல்லெண்ணத்தோடு சொன்னதே. எனினும் அதே வேலைக்கு அரைக்குச் சற்று மேலான கூலி போதும் என்று நாட்டின் உயர்ந்த மன்றமே எழுதிவைத்ததை இன்று படிக்கும்போது மனம் சுருங்குகிறது. அடுத்த ஆண்டே ஒரு பட்டாசு ஆலை விபத்தில் 39 பேர் மாண்ட செய்தி வந்தது. நீதிமன்றம் தானாகவே அதைக் கையில் எடுத்தது. 1996 டிசம்பர் 10ஆம் நாள் தந்த தீர்ப்பில், வேலைக்கு அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்று விதித்தது. உரிமம் பெற்ற ஆலைகளில் குழந்தைகளின் எண்ணிக்கை குறையத் தொடங்கியது. 2001இல் என்னிடம் வந்த பெண்ணும் சிறுமியாக ஆலைக்குப் போனவரே. குழந்தையாய் இருந்தவரை அவருக்காகப் பேச ஒரு வழக்கு இருந்தது. வயது வந்ததும் அதுவும் விலகிக்கொண்டது.

பெண்ணாக அவருக்கு நேர்ந்ததைச் சட்டம் எப்போது கண்டது? அதற்கு இராஜஸ்தானுக்குப் போகவேண்டும். ஜெய்ப்பூர் மாவட்டத்துப் பட்டேரி என்னும் சிற்றூரில் பன்வாரி தேவி என்பவர், அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் 'சாத்தின்' எனப்படும் ஊர்ப் பணியாளர். ஒன்பது மாதக் குழந்தைக்குச் செய்யவிருந்த திருமணத்தைத் தடுக்க முயன்றார். அது அவருக்கு இட்ட பணி. அதற்குப் பழிவாங்க 1992 செப்டம்பரில் அவரைக் கூட்டாக வன்கொடுமை செய்தனர். 1995இல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை அவ்வன்கொடுமைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. ஆயினும் பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்தில் வேறொரு கேள்வியை எழுப்பின: வேலையைச் செய்ததனால் ஒரு பெண்ணுக்கு இத்தீங்கு வந்ததென்றால், வேலை கொடுத்தவருக்குப் பொறுப்பு இல்லையா? 1997 ஆகஸ்டு 13ஆம் நாள், தலைமை நீதிபதி ஜே.எஸ். வர்மா, நீதிபதிகள் சுஜாதா மனோகர், பி.என். கிர்பால் ஆகியோர் விசாகா வழக்கில் தீர்ப்பளித்தனர். பணியிடத்துப் பாலியல் தொல்லை என்பது ஒழுக்கக்கேடு மட்டுமன்று, அரசியல் சட்டம் தந்த சமத்துவத்தை மீறுவது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றும்வரை இந்நெறிமுறைகளே சட்டம் என்றனர். இந்தியா 1993இல் ஏற்றுக்கொண்ட, பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் அனைத்துலக உடன்படிக்கை இதற்குத் துணைநின்றது.

தொல்லையைப் பாகுபாடாகக் காணும் இப்பார்வை அமெரிக்காவில் சற்று முன்னரே பிறந்திருந்தது. அங்கே 1964ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், இனம், நிறம், மதம், பால், பிறந்த நாடு ஆகியவற்றின் பெயரால் வேலையில் வேறுபாடு காட்டலாகாது என்றது. 'பால்' என்னும் சொல் கடைசி நேரத்தில் சேர்ந்ததாகும். ஆயினும் மேலதிகாரியின் பாலியல் தொல்லையும் அச்சட்டம் தடுக்கும் பாகுபாடே என்பதை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1986இல்தான் ஏற்றது. வங்கியில் பணிபுரிந்த பெண் ஒருவரின் வழக்கு அது. அங்கும் ஓர் எண் உண்டு: 15 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தை அச்சட்டம் தொடுவதில்லை.

ஆகவே, 2001இல் அந்தப் பெண் என் முன் நின்றபோது சட்டம் இருந்தது; நான்கு ஆண்டுகளாக இருந்தது. விசாகா நெறிமுறைப்படி, பெண் ஒருவரின் தலைமையில், பாதிக்குக் குறையாமல் பெண்களைக் கொண்ட புகார்க் குழு ஒவ்வொரு பணியிடத்திலும் இருந்திருக்கவேண்டும். கூரைக் கொட்டகைகளும் நால்வர் அறைகளுமாய் இருந்த அந்த ஆலையில் அக்குழுவில் யார் அமர்ந்திருப்பார்? கணக்கப்பிள்ளையின் கொழுந்தியா? எனினும் கேட்கும் உரிமை அவருக்கு இருந்தது. "பொறுத்துக்கொள்" என்று சொன்னவன் அதைச் சொல்லியிருக்கலாம்.

நெறிமுறை சட்டமாக மேலும் 16 ஆண்டுகள் ஆயின. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013 ஏப்ரலில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று, அவ்வாண்டு டிசம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. நாடு முழுமைக்குமான இம்மத்திய சட்டத்தை நான் கையில் பென்சிலோடு படித்தேன். யாரோ சிவகாசிக்கு வந்து பார்த்து எழுதியதைப்போல் இருந்த இடங்களில் கோடிட்டேன்.

முதல் கோடு, 'பணியாளர்' என்பதன் பொருளில் விழுந்தது. நாள் கூலிக்கோ, தற்காலிகமாகவோ, நேராகவோ, ஒப்பந்தக்காரர் வழியாகவோ, முதன்மை முதலாளி அறிந்தோ அறியாமலோ வேலை செய்யும் எவரும் பணியாளரே. நம் பகுதியில் 'உள்குத்தகை' என்றொரு பழக்கம் உண்டு. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகளை வேறொருவர் குத்தகைக்கு எடுத்து நடத்துவார். விபத்து நேர்ந்தால் ஒருவர் மற்றவரைக் காட்டுவார். 'அறியாமலோ' என்னும் ஒரே சொல் அந்த வாயிலை அடைத்துவிடுகிறது.

இரண்டாவது கோடு 'பணியிடம்' என்பதில். வேலை தருபவர் ஏற்பாடு செய்யும் போக்குவரத்தும் பணியிடமே. ஆலைப் பேருந்தின் படிக்கட்டும் ஆலைதான்! இதைப் படித்த இரவில் நான் நெடுநேரம் உறங்கவில்லை.

மூன்றாவதே முதன்மையானது. 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் முதலாளி உள்ளகக் குழு அமைக்கவேண்டும். தவறினால் 50,000 ரூபாய் வரை தண்டம். அப்படியானால் பத்துக்குக் கீழே? 1948 முதல் சட்டங்கள் பலவும் தலைகளை எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்பிச் சென்ற இடம் அது. இச்சட்டம் திரும்பிச் செல்லவில்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஓர் உள்ளூர்க் குழு இருக்கவேண்டும். 10 பேருக்குக் குறைந்த இடத்துப் பெண்ணும், முதலாளி மீதே புகார் உள்ள பெண்ணும் அங்கே செல்லலாம். சமூகப் பணியில் பெயர்பெற்ற ஒரு பெண் தலைமை ஏற்பார். அப்பகுதியில் வேலை செய்யும் பெண் ஒருவரும் உறுப்பினராவார். மாவட்டத் தலைநகர் வரை செல்ல இயலாதவருக்காக வட்டாரந்தோறும் புகாரைப் பெற்றுக்கொள்ளும் அலுவலர் ஒருவர் இருக்கவேண்டும். அவர் 7 நாளுக்குள் அதைக் குழுவிடம் சேர்ப்பிக்கவேண்டும். எழுத இயலாத பெண்ணுக்கு எழுதித் தர உதவுவது குழுவின் கடமை. புகாரை 3 மாதத்திற்குள் தரவேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டலாம். விசாரணை 90 நாளில் முடியவேண்டும்.

இன்னொரு விதி எம்மைப் போன்றவர்களுக்காகவே எழுதியதோ என்று தோன்றியது. பெண் விரும்பிக் கேட்டால் சமரசம் செய்யலாம். ஆனால் பணத்தை அடிப்படையாக வைத்துச் சமரசம் கூடாது. ஊர்ப் பெரியவர்கள் கூடி, நடுவில் பங்குச் சாமியாரையும் அமர்த்தி, ஒரு தொகையைப் பேசி முடித்த வழக்குகள் எத்தனை! அவற்றில் சிலவற்றில் நானும் அமர்ந்திருக்கிறேன்.

சாதியின் பெயரால் வேலையிடத்தில் இழிவுபடுத்துவதற்கு வேறு சட்டங்கள் உண்டு: 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமும் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும். ஆயினும் பட்டியல் சாதியார் யார் என்று வரையறுக்கும் 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையில், 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்ந்தனர், கிறிஸ்தவர் சேரவில்லை. ஒரே அறையில் திரி வைக்கும் இரு பெண்கள், ஒரே தெருவினர், உறவினரும்கூட. ஒரே வசையை ஒரே நாளில் கேட்கின்றனர். 1989ஆம் ஆண்டுச் சட்டம் ஒருத்திக்கு எழுந்து நிற்கிறது. ஞானஸ்நானம் பெற்றவளுக்கு எழுவதில்லை. இதைப் பற்றி நம் ஆயர்களும் மக்களும் பல்லாண்டுகளாகக் குரல் எழுப்பி வருகின்றனர். அது தனிக் கட்டுரைக்குரியது. 2013ஆம் ஆண்டுச் சட்டமோ சாதியையும் கேட்பதில்லை, மதத்தையும் கேட்பதில்லை என்பதற்காகவே இங்கே குறிப்பிடுகிறேன்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. சம ஊதியச் சட்டம் ஊதியத் தொகுப்புக்குள் அடங்கியது. எல்லா வகை வேலையிலும் பெண்கள் ஈடுபடலாம், இரவு வேலைக்கு அவர்கள் சம்மதம் வேண்டும் என்றாயிற்று. ஆனால் 'தொழிற்சாலை' என்பதற்கான எண், விசையுள்ள இடத்திற்கு 20 ஆகவும், விசையற்ற இடத்திற்கு 40 ஆகவும் உயர்ந்துவிட்டது. கையால் செய்யும் தொழில் நிறைந்த நம் வட்டாரத்தில் இதன் விளைவைக் கவனிக்கவேண்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டம் இத்தொகுப்புகளில் சேராமல் தனியே நிற்பது நல்லதாயிற்று.

நிற்கிறது என்று எழுதிவிட்டேன், நடக்கிறதா? 2023இல் கோவாவிலிருந்து வந்த ஒரு வழக்கில், இச்சட்டத்தைச் செயற்படுத்துவதில் பெருங்குறை உள்ளது என்று உச்ச நீதிமன்றம் வருந்தியது. சட்டம் வந்து 11 ஆண்டுகள் கழிந்து, 2024 டிசம்பரில், எல்லா மாவட்டங்களிலும் பொறுப்பு அலுவலரை நியமித்து உள்ளூர்க் குழுக்களை அமைக்குமாறு நாள் குறித்து ஆணையிட வேண்டியதாயிற்று.

ஆலைகளைப் பற்றியே எழுதிக்கொண்டிருப்பது நமக்கு எளிது. சட்டத்தின் 'பணியிடம்' என்னும் சொல்லுக்குள் பள்ளியும் மருத்துவமனையும் அறக்கட்டளையும் சங்கமும் அடங்கும். வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு வீடும் பணியிடமே. மறைமாவட்டப் பள்ளியின் ஆசிரியையும், மருந்தகத்துச் செவிலியும், பங்கு இல்லத்தில் சமைக்கும் அம்மாவும் இச்சட்டத்தின் பணியாளர்கள். சமையல் செய்பவர் ஒருவர் மட்டுமே உள்ள பங்கு இல்லம் பத்துக்குக் கீழே உள்ள இடம். அவருக்கும் உள்ளூர்க் குழுவின் கதவு திறந்திருக்கவேண்டும். இதை எங்கள் சமையல் அம்மாவிடம் சொன்னேன். "எனக்கு எதுக்குச் சாமி இதெல்லாம்?" என்று சிரித்தார். ஆனாலும் தாளை வாங்கி மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

சென்ற தவக்காலத்தில் ஒரு ஞாயிறு மாலை, பங்கின் பெண்களைக் கோவில் முற்றத்தில் அமரவைத்து இவ்விதிகளைத் தமிழில் வாசித்தேன். ஒப்பந்தக்காரர், பேருந்து, பத்து என்னும் எண், வட்டார அலுவலர், மூன்று மாதம் என ஒவ்வொன்றாய்ச் சொன்னேன். பின்வரிசையில் நடுத்தர வயதுப் பெண் ஒருவர் எழுந்தார்.

"எல்லாம் சரி சாமி. நான் எழுதிக் குடுத்துட்டு வந்தா, மறுநா காலையில பஸ்சு எங்க தெருமுனையில நிக்குமா?"

மீண்டும் புத்தகத்தைப் புரட்டினேன். விசாரணை நடக்கும்போது இடமாற்றம் உண்டு. 3 மாதம் வரை கூடுதல் விடுப்பு உண்டு. துண்டுக் கூலிக்கு வேலை செய்பவருக்கு விடுப்பு என்பதன் பொருள் என்ன என்று விளக்கம் இல்லை. பேருந்தைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. அது நிற்கவேண்டும் என்று எங்கும் இல்லை.

மறுநாள் திங்கட்கிழமை. மணியடிக்கும் பொறுப்பை உபதேசியாரிடம் விட்டுவிட்டு, விடியுமுன் தெருமுனைக்குச் சென்று அவர்களோடு நின்றேன்.